அரை டேங்க் தண்ணீர்

டயரில் காற்று அதிகமாக இருப்பதும் ஆபத்துதான், மேடம். இது பலருக்குத் தெரிவதில்லை. பெட்ரோல் பங்கில் கொண்டுபோய் நிறுத்தினால் கார் டயருக்கு அடிப்பதுபோல முப்பது அடித்து அனுப்பிவிடுவார்கள். எங்கள் வண்டி மண்ணிலும் கல்லிலும் ஓடுவது. அதன் டயரில் பத்து, பன்னிரண்டுக்கு மேல் கூடாது. கொஞ்சம் தளர்வாக இருந்தால்தான் கரை மண்ணைக் கவ்விப் பிடிக்கும். நான்கு வருஷமாக, காலை ஏழு மணிக்கு நான் செய்த முதல் வேலை அந்தக் காற்றைப் பார்ப்பதுதான். அன்றைக்கும் பார்த்தேன். நான்கு டயரிலும் சரியாக இருந்தது.

நீங்கள் என்னைக் கூப்பிட்டு அனுப்பவில்லை. வழக்கை முடித்துவிட்டீர்கள் என்றும் தெரியும். ஜீவானந்தம் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் படுத்திருக்கிறான். தவறு தன்னுடையதுதான் என்று அவனே வாக்குமூலம் கொடுத்துவிட்டான். அந்த வாக்குமூலத்தைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். காலையில் இரும்புலியூரிலிருந்து தாம்பரம் ஸ்டேஷனுக்கு நடந்து, அங்கே மின்சார ரயில் பிடித்தேன். வழியெல்லாம் யோசித்ததில், முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும் என்று பட்டது.

என் பெயர் சவுரிமுத்து. வயது ஐம்பத்தாறு. கூடுவாஞ்சேரிக்கு மேற்கே ஓர் ஏரியைச் சுற்றி மரம் வளர்க்கிற அறக்கட்டளையில் வண்டிப் பராமரிப்பு என் பொறுப்பு. வண்டியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். முன்னால் இரண்டு இருக்கை, தலைக்கு மேலே இரும்புக் குழாய்க் கூண்டு, பின்னால் சாமான் ஏற்றும் தட்டு. அந்தத் தட்டில் நானூறு லிட்டர் தண்ணீர் டேங்க். ஷெட்டில் இருக்கும் போர்வெல்லில் நிரப்பிக்கொண்டு, இரண்டு கிலோமீட்டர் கரை நெடுக மரக்கன்றுகளுக்கு ஊற்ற வேண்டும். பள்ளம் மேடெல்லாம் குதித்துக் குதித்துப் போவதால் கரையோரத்துப் பெண்கள் அதைத் தவக்களை வண்டி என்பார்கள். ஓட்டியவன் ஜீவானந்தம்.

அவன் நல்ல ஓட்டுநர். இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஹெல்மெட் இல்லாமல் ஏற மாட்டான். சரிவில் குறுக்காகத் திருப்ப மாட்டான். நேராக ஏறி நேராக இறங்குவான். இறங்கும்போது சின்ன கியரில் போட்டு இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ள விடுவான். பின்தட்டில் ஆளை ஏற்ற மாட்டான். கரையோரக் குடிசையில் இருக்கும் அம்மணி ஒருநாள் கேட்டே பார்த்தாள்.

"தம்பி, பின்னால குந்திக்கினு வர்றேன். ரேஷன் கடையாண்ட எறக்கி வுட்டுடு."

"அக்கா, அது தண்ணி குந்துற எடம்."

"தண்ணிய விட நான் இன்னா கனமாவா கீறேன்?"

"கனம் இல்லக்கா. தண்ணின்னா வாய மூடிக்கினு வரும்."

அம்மணி குடத்தை ஓங்கிக்கொண்டு வந்தாள். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவனைச் சுற்றி எப்போதும் யாராவது சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். அதை நான் முதல் வாரத்திலேயே கவனித்தேன்.

அம்மணி வீட்டுப் பக்கம் இருபது குடிசைகள். கரைப் புறம்போக்கு என்பதால் குழாய் கிடையாது. ஜீவானந்தம் வேலைக்குச் சேர்ந்த ஒரு மாதத்தில் அங்கே வண்டியை நிறுத்த ஆரம்பித்தான். பாதி டேங்க் தண்ணீரைக் குடங்களுக்குக் கொடுத்துவிட்டு, மீதியோடு மதகுப் பக்கம் இறங்குவான். நான் ஸ்ரீரங்கன் சாரிடம் சொன்னேன். அவர்தான் எங்கள் மேலாளர், தாம்பரத்துக்காரர், சாது. "கொடுக்கட்டுமே, சவுரிமுத்து. ஒரு ட்ரிப் எக்ஸ்ட்ரா அடிச்சா போச்சு" என்றார். நான் புகார் சொன்னது எப்படியோ ஜீவானந்தத்துக்குத் தெரிந்துவிட்டது. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் எனக்கு டீ வாங்கி வந்தான். சர்க்கரை இல்லாத டீ.

எனக்குச் சர்க்கரை வியாதி இருப்பதை நான் அவனிடம் சொன்னதே இல்லை, மேடம். கேட்டேன். "மாத்திர அட்டை கீழ விழுந்துச்சுண்ணா, நான்தான எடுத்துக் குடுத்தேன்" என்றான். ஒரு மாத்திரை அட்டையைப் பார்த்தே ஒருவனின் வியாதியைத் தெரிந்துகொள்கிறவன் வேறு எதையெல்லாம் பார்த்து வைத்திருப்பான் என்று யோசித்தேன். அன்றிலிருந்து தினமும் டீ வந்தது. நானும் குடித்தேன். வேண்டாமென்றால், நான் சந்தேகப்படுவது அவனுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது சக்கரத்து நட்டு. நட்டை முறுக்கியதும் நட்டின் மேலும் சக்கரத்தின் மேலும் சேர்த்து வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு போடுவது என் வழக்கம். நட்டு அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். மார்ச்சில் ஒருநாள் பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டினேன். மறுநாள் பார்த்தால் இரண்டு நட்டுகளில் கோடு விலகியிருந்தது. தளர்ந்து விலகவில்லை. யாரோ இன்னும் முறுக்கியிருந்தார்கள்.

"நான்தாண்ணா. ரெண்டு லூசா கீற மாரி இருந்துச்சு. முறுக்கிட்டேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அதுலாம் ஒரு மேட்டரா? வுடுங்கண்ணா."

பதிவேட்டில் எழுதவில்லை. ஸ்ரீரங்கன் சாரிடமும் சொல்லவில்லை. என் இடது கண்ணில் புரை விழுந்திருப்பதை அன்றைக்கே அவன் கண்டுபிடித்துவிட்டான் என்று நினைக்கிறேன். ஒருவனின் குற்றத்தைக் கண்டவன் உடனே சொல்லிவிட்டால் அது நியாயம். சொல்லாமல் வைத்திருந்தால்? பிறகு ஒருநாள் எடுத்துக் காட்டுவதற்குச் சேர்த்து வைக்கிறான் என்றுதானே பொருள். நீங்கள் போலீஸ்காரர். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏப்ரலில் ஸ்ரீரங்கன் சார் என்னைக் கூப்பிட்டார்.

"கண் எப்படி இருக்கு, சவுரிமுத்து? ஒரு செக்கப் பண்ணிக்கலாமே. நான் அரேஞ்ச் பண்றேன்."

"நல்லாத்தான் இருக்கு சார்."

"சரி, சரி. சும்மா கேட்டேன்."

சும்மா யாரும் இன்னொருவன் கண்ணைப் பற்றிக் கேட்பதில்லை. வண்டியைப் பராமரிக்கிறவனுக்குக் கண் போனால் வேலை போகும். அந்த இடத்துக்கு வரக்கூடியவன் எங்கள் ஷெட்டில் ஒருவன்தான் இருந்தான். டீயும் சிரிப்பும் எதற்கென்று எனக்கு அப்போது விளங்கிவிட்டது. அன்று சாயங்காலம் கிளம்பும்போது அவன் சொன்னான்: "உங்க பேர தெனம் ஜெபத்துல சொல்றேண்ணா." நானும் கோயிலுக்குப் போகிறவன்தான். ஞாயிறு பூசை தவறியதில்லை. ஆனால் எவனோ ஒருவன் தினமும் என் பெயரை எங்கேயோ சொல்லிக்கொண்டிருக்கிறான் என்பது எனக்கு நல்லதாகப் படவில்லை.

அதற்குப் பிறகு அவனுக்கு நான் ஓர் உதவி செய்தேன். அந்த வண்டியில் சீட் பெல்ட் மாட்டாவிட்டால் பீப் பீப் என்று கத்தும், வேகமும் எடுக்காது. கன்றுக்குக் கன்று இறங்கி ஏறுகிறவனுக்கு அது பெரிய தொல்லை. அந்தப் பூட்டில் சொருகி வைக்க வெறும் கொக்கி கடையில் விற்கிறார்கள். அதைச் சொருகிவிட்டால் பெல்ட் மாட்டியிருக்கிறது என்று வண்டி ஏமாந்துவிடும். ஜி.எஸ்.டி. ரோட்டில் கார் சாமான் கடை ஒன்றில் வாங்கி அவனிடம் கொடுத்தேன்.

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பெல்ட் இல்லாம ஓட்டுறதாண்ணா?" என்றான்.

"நாளைக்கு நூறு தடவ எறங்கி ஏறுற. வெயில்ல கஷ்டப்படுறியேன்னுதான்."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "தேங்க்ஸ்ணா" என்றான். மறுநாளிலிருந்து அது பூட்டில் இருந்தது.

இப்போது டேங்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுதான் உங்கள் அறிக்கையில் இல்லாதது. நிறைந்திருக்கும் டேங்க்கில் தண்ணீர் உட்கார்ந்திருக்கும். காலி டேங்க்கால் தொந்தரவே இல்லை. அரை டேங்க்தான் மோசம். வண்டி சாயும் பக்கமெல்லாம் தண்ணீரும் எழுந்து ஓடும். சரிவில் இருநூறு லிட்டர் ஒரே பக்கம் ஓடினால் அந்த மாதிரி இலேசான வண்டியைப் புரட்டிவிடும். அதற்காகத்தான் டேங்க்குக்குள் ஓட்டை போட்ட தடுப்புத் தகடுகள் மூன்று வைத்திருக்கிறார்கள். தண்ணீர் ஒரேயடியாக ஓடாமல் அவை பிடித்துக்கொள்ளும். பன்னிரண்டு போல்ட். பாசி கழுவ மாதத்துக்கு ஒருமுறை நான் கழற்றி மாட்டுவேன்.

ஜீவானந்தம் தினமும் அரை டேங்க்கோடுதான் மதகுச் சரிவில் இறங்கினான். குடங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவதால். பிப்ரவரியிலேயே என்னிடம் கேட்டிருக்கிறான், ஒன்றும் ஆகாதே என்று. தகடு இருக்கும்வரை மெதுவாக இறங்கினால் ஆகாது என்று சொன்னேன். அப்போது அது உண்மை.

மே மாதம் இரண்டாவது திங்கட்கிழமை சாயங்காலம் டேங்க்கைக் கழுவினேன். மூன்று தகடுகளையும் எடுத்து, ஷெட்டில் எரு மூட்டைகளுக்குப் பின்னால் சாய்த்து வைத்தேன். மூடியைப் போட்டு இறுக்கினேன். என் கண்ணில் குறை இருப்பது உண்மைதான், மேடம். ஆனால் பன்னிரண்டு போல்ட்டை மறக்கும் அளவுக்கு இல்லை. பதிவேட்டில் டேங்க் என்ற வரிக்கு நேராக 'சரி' என்று எழுதினேன்.

மறுநாள் காலை வழக்கம்போல டீ வந்தது. டேங்க் நிரம்பிக்கொண்டிருக்கும்போது அவன் கேட்டான்.

"டேங்க் கழுவினீங்களேண்ணா, தகடு மூணும் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"நீங்க போட்டா கரெக்டாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஏறினான்.

ஷெட்டிலிருந்து பார்த்தால் அம்மணி வீடும் தெரியும், கரை வளைந்து மறுபடி ஷெட் பக்கம் திரும்பும் இடத்தில் மதகும் தெரியும். அம்மணி வீட்டுக்குக் கிட்டத்தட்ட முந்நூறு மீட்டர். டேங்க் நிறைந்திருக்கும்வரை அவனுக்கு வித்தியாசம் தெரிய நியாயமில்லை. அங்கே நிறுத்திக் குடங்களுக்குப் பிடித்தான். சத்தம் காற்றில் இங்கே வரைக்கும் கேட்டது.

"ஏய், என் கொடம் மொதல்லயே வெச்சது. உன்து இன்னாத்துக்கு நடுவுல நொழையுது?"

"உன் கொடத்துக்கு இன்னா பட்டாவா எழுதி வெச்சிக்கீது?"

"சண்ட போட்டா தவக்கள தாவிடும், சொல்லிட்டேன்" என்று அவன் குரல். பிறகு சிரிப்பு.

இருபது நிமிஷம் அங்கே நின்றான். இருபது நிமிஷத்தில் நான் மெதுவாக நடந்திருந்தால்கூடப் போய்ச் சேர்ந்திருப்பேன். போன் செய்திருக்கலாம். என் சட்டைப்பையில் போன் இருந்தது. நான் கிரீஸ் டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உங்களிடம் எதையும் குறைத்துச் சொல்லக் கூடாது என்பதற்காக இதையும் சொல்கிறேன்.

சரிவில் வண்டி இறங்கியது. பாதியில் பின்பக்கம் ஒருமுறை ஆடியது. அவன் பிரேக்கைத் தொட்டிருப்பான். தண்ணீர் முன்னாலும் பிறகு பக்கவாட்டிலும் ஓடியிருக்கும். வண்டி நிதானமாகத்தான் சாய்ந்தது. ஒன்றரைச் சுற்று உருண்டது. பெல்ட் மாட்டியிருந்தால் அவன் கூண்டுக்குள்ளேயே இருந்திருப்பான். பாதி வெளியே வந்துவிட்டதால் கூண்டின் குழாய் அவன் இடுப்பில் விழுந்தது.

நான் நடந்துதான் போனேன். ஓடினால் எனக்கு மூச்சு வாங்கும். அம்மணியும் மற்றவர்களும் கரையைச் சுற்றி வருவதற்குள் நான் குறுக்குப் பாதையில் போய்ச் சேர்ந்துவிட்டேன். முதலில் பூட்டிலிருந்த கொக்கியை உருவிப் பையில் போட்டுக்கொண்டேன். அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெட்ரோல் ஒழுவுதுண்ணா. சாவிய ஆஃப் பண்ணிட்டு நீங்க தள்ளிப் போயிடுங்க" என்றான்.

அந்த நேரத்தில் என்னை ஏன் தள்ளிப் போகச் சொன்னான் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன்.

மத்தியானம் டிராக்டர் கட்டி வண்டியை ஷெட்டுக்கு இழுத்து வந்தார்கள். எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். தகடுகளை உள்ளே வைத்துப் பன்னிரண்டு போல்ட்டையும் முறுக்கினேன். வியாழக்கிழமை மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து திறந்து பார்த்தார். டயர், பிரேக், டேங்க் எல்லாம் சரி. ஓட்டுநர் பெல்ட் அணியவில்லை. என் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, இவ்வளவு சுத்தமாக யாரும் வைப்பதில்லை என்று பாராட்டினார்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாவிட்டால் யாராவது கவனிப்பார்கள். நான்கு சாத்துக்குடி வாங்கிக்கொண்டேன். ஜீவானந்தத்தின் மனைவி ஷீலா எழுந்து எனக்கு ஸ்டூலைப் போட்டாள். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினாள். "சக்கர போடலண்ணா" என்றாள்.

பிறகு அவளே பேச ஆரம்பித்தாள். "உங்க கண்ணு ஆபரேஷனுக்குத்தாண்ணா இவரு ஏப்ரல்ல சார் கையில போய்க் கெஞ்சிக்கினு நின்னாரு. கண்ணு சரியாயிட்டா அண்ணன அடிச்சிக்க ஆளே இல்ல சார்னு சொன்னாராம். நீங்க கோச்சிக்குவீங்கன்னு உங்ககிட்ட சொல்லல."

நான் டீயைக் குடித்தேன்.

"அந்தக் கொக்கி கூட, வேணாம்னா தூக்கிப் போட்டிருக்கலாம்ல? நான் திட்டுனேன். அண்ணன் மொத மொதலா ஒண்ணு வாங்கிக் குடுத்துக்கீறாரு, வேணாம்னு சொன்னா அவரு மனசு நோவும்னு சொல்லிட்டாரு."

அவள் மருந்துச் சீட்டோடு கீழே போனதும் ஜீவானந்தம் என்னைக் கிட்டே வரச் சொன்னான். மெதுவாகத்தான் பேச முடிந்தது.

"அண்ணா, உள்ள தகடு இல்ல. சரிவுல எறங்கும்போதே தண்ணி ஓடுனதுல தெரிஞ்சிக்கினேன்."

ஷீலா திரும்பி வருகிறாளா என்று வாசல் பக்கம் பார்த்தேன்.

"போட்டுட்டோம்னு நெனச்சிட்டீங்க. கண்ணு தெரியாதவரு இன்னா பண்ணுவாரு? அன்னிக்கே நான் ஒரு வாட்டி தொறந்து பாத்திருக்கணும். என் தப்புதாண்ணா. யார் கையிலயும் மூச்சு வுட மாட்டேன், ஷீலா கையில கூட சொல்லல. கொக்கிய நீங்க எடுத்ததும் நல்லதாப் போச்சு. இல்லாட்டி உங்க பேரும் கெட்டுப் போயிருக்கும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். "கண்ண மட்டும் சீக்கிரம் காட்டிடுங்க. இனிமே வேற ஒரு டிரைவர் வருவான்ல."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை, மேடம். குற்ற உணர்ச்சி என்று நினைக்காதீர்கள். நான் யோசிக்கிறேன். ஒருவன் தன் காலைப் பறிகொடுத்துவிட்டு, அதற்குக் காரணமானவன் முகத்தைப் பார்த்து, கண்ணுக்கு வைத்தியம் பார்த்துக்கொள் என்கிறான். போலீஸிடம் பொய் சொல்லியிருக்கிறான். மனைவியிடம்கூட மறைக்கிறான். நான் மறந்துவிட்டதாக அவன் நிஜமாகவே நம்புகிறான் என்று நீங்கள் சொல்லக்கூடும். நானும் இரண்டு நாள் அப்படி நினைத்துப் பார்த்தேன். அப்படி நம்பக்கூடிய மனிதனை நான் ஐம்பத்தாறு வருஷத்தில் பார்த்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஷீலா போன் செய்தாள். கண் ஆஸ்பத்திரியில் எனக்குத் தேதி வாங்கியிருக்கிறார்களாம். படுக்கையில் இருந்தபடியே அவன் ஸ்ரீரங்கன் சாரிடம் பேசி ஏற்பாடு செய்திருக்கிறான். வருகிற வியாழக்கிழமை. எனக்குத் துணைக்கு வர அம்மணியைக் கேட்டிருக்கிறார்களாம், அவளும் சரி என்றாளாம்.

நான் செய்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். தகடுகளை எடுத்தது நான். தெரிந்துதான் எடுத்தேன். அவன் கேட்டபோது பொய் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு என்ன தண்டனை என்பதைப் பற்றிக் கேட்க நான் இவ்வளவு தூரம் வரவில்லை.

நான் ஒரு புகார் கொடுக்க வந்தேன், மேடம். ஜீவானந்தத்தின் மேல். அவன் என்னை எதற்காகக் காப்பாற்றுகிறான், அந்த வியாழக்கிழமைக்கு என்ன திட்டம் வைத்திருக்கிறான் என்று நீங்கள் அவனைத் தீர விசாரிக்க வேண்டும்.